எல்லாரும் சாப்பிட்டாச்சு

உயரத்தில் பீன்ஸ் வேகாது. அதனால் அதை வீட்டு அடுப்பிலேயே முக்கால் பதம் வேகவைத்து, தண்ணீரை வடித்து, மூடி போட்ட வாளியில் எடுத்துக்கொண்டு போவேன். மேலே போய் வெங்காயமும் தக்காளியும் வதக்கிச் சேர்த்து ஒரு கொதி விட்டால் போதும். புதிதாக வரும் சமையல்காரர்கள் காய்ந்த பீன்ஸைச் சுமந்துகொண்டு வருவார்கள். பாதி மலையில் ஷிரா முகாமில் உட்கார்ந்து காஸ் தீரும்வரை கொதிக்கவிடுவார்கள். அது கல்லாகவே கிடக்கும்.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. செத்துப்போன சுமைக்காரன் ஓம்பேனியின் வயிற்றில் ஒன்றுமே இல்லை என்று மருத்துவர் எழுதியிருப்பதாகச் சொன்னீர்கள். தலைமை வழிகாட்டி அமினியேல் சுமைக்காரர்களைப் பட்டினி போட்டு மலையேற்றினார் என்று அவரை ஸ்டேஷனில் கொண்டுவந்து உட்காரவைத்திருக்கிறீர்கள். கீழே சந்தையிலும் அதுதான் பேச்சு. என் அடுப்பில் யாரும் பட்டினி கிடந்ததில்லை. அன்றும் கிளறிய களி மிச்சமில்லாமல் தீர்ந்தது. அதைச் சரியாகச் சொல்லிவிட்டுப் போகலாம் என்றுதான் வந்தேன்.

அமினியேல் மேல் தவறில்லை. அவர் கேட்க வேண்டியதைக் கேட்டார்.

எங்கள் கூட்டத்தில் வழக்கம் இதுதான். சாயங்காலம் ஆனதும் மலையேற வந்த வெள்ளைக்காரர்களின் விரலில் அமினியேல் ஒரு சின்னக் கருவியை மாட்டிப் பார்ப்பார். ரத்தத்தில் காற்று எவ்வளவு இருக்கிறது என்று அது காட்டும். சுமைக்காரர்கள் விரலில் யாரும் எதையும் மாட்டுவதில்லை. மாட்டினாலும் அவர்கள் காட்டமாட்டார்கள். தலைவலி என்று சொன்னவனைக் கீழே அனுப்பிவிடுவார்கள். அப்படி அனுப்பப்பட்டவனை அடுத்த தடவை ஆள் எடுக்கும் மலையடிவார வாசலில் நின்றாலும் லேசில் கூப்பிடமாட்டார்கள். அதனால் எல்லாரும் பொய் சொல்வார்கள். ஆனால் களியிடம் பொய் சொல்ல முடியாது. மலை நோய் முதலில் வாயைத்தான் பிடிக்கும். கீழ் முகாமில் தலையளவு களியை உருட்டி விழுங்கியவன், மேலே வந்ததும் விரலால் குழி தோண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் எனக்குத் தெரிந்துவிடும். தட்டுகள் என்னிடம்தான் திரும்பி வரும்.

அமினியேல் கூடாரத்துக்குள் தலையை நீட்டிக் கேட்பார்: "சமையக்காரரே, எல்லாரும் சாப்பிட்டாச்சா?"

"தெமு மட்டும் இல்ல" என்று நான் சொன்னால், மறுநாள் காலையில் தெமு கீழே இறங்குவான். அதற்குமேல் கேள்வி கிடையாது. ஒருமுறை நிஜமாகவே அப்படிச் சுமைக்காரன் தெமுவை அனுப்பினோம். இறங்கும்போது என் குலத்தையே இழுத்துத் திட்டினான். பிறகு வீட்டுக்கு ஒரு கூடை வெண்ணெய்ப்பழம் கொண்டுவந்து வைத்துவிட்டு, "நீ அன்னைக்கு வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா நான் இன்னைக்கு மண்ணுக்குள்ள இருந்திருப்பேன்டா" என்றான். என் வார்த்தைக்கு அங்கே அந்த அளவு மதிப்பு இருந்தது.

இனி ஓம்பேனி.

அவன் முதலில் சுமைக்காரன் இல்லை. எங்கள் ஊர் ரோட்டில் பைக்கில் ஆள் ஏற்றிக்கொண்டு ஓடியவன். என் மகள் எலின்சியாவைப் பள்ளிக்கூடத்திலிருந்து அவன்தான் கூட்டிவருவான். ரஹேலி, என் மனைவி, அவனிடம் சொல்லிவைத்திருந்தாள். நான் பாதி நாள் மலையில் இருப்பவன். ஒருநாள் மழை பெய்து விட்டிருந்தது. அவன் வாழைப்பழக் கள் குடித்திருந்தான். இறக்கத்தில் பைக் சறுக்கியது. பிள்ளை தலை அடிபட விழுந்தது.

ஆஸ்பத்திரி அந்த ரோட்டிலேயே இருக்கிறது. ஆனால் அவன் வாயில் கள் நாற்றம் இருந்தது. அதனால் பிள்ளையைத் தன் வீட்டுக்குத் தூக்கிப்போய்க் கட்டிலில் கிடத்தி, நாற்றம் போகட்டும் என்று காத்திருந்தான். அங்கிருந்துதான் எனக்குப் போன் செய்தான். நான் அப்போதுதான் மலையிலிருந்து இறங்கி, மலையடிவார வாசல் குழாயில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன்.

"அண்ணே, ரோட்டுல லேசா வழுக்கிடுச்சு. பிள்ள தூங்குது. ஒண்ணுமில்ல."

நானும் சரி என்றேன். பாத்திரங்களைக் கழுவி முடித்துவிட்டுத்தான் கிளம்பினேன். பெரிய அண்டாவின் அடியில் கஞ்சி பிடித்திருந்தது. அதைச் சாம்பல் போட்டுத் தேய்த்தேன். நான் போனபோது எலின்சியா உண்மையிலேயே தூங்குவதுபோலத்தான் இருந்தாள். ஒரு காலில் செருப்பு இருந்தது.

பிறகு அவன் இலையோடு வந்தான்.

எங்கள் ஆட்களில் அது உண்டு. பெரிய தப்பு செய்தவன் இசாலேச் செடியை நுனித்தண்டோடு ஒடித்து, இலையை முடிச்சுப் போட்டு, பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு வந்து நீட்டுவான். அதை மறுக்கக் கூடாது. மறுத்தவன் வீட்டில் யாரும் கை நனைக்கமாட்டார்கள். வாங்கினால் முடிந்தது; பிறகு அந்தத் தப்பைப் பற்றிப் பேசுவதும் தப்பு. ஓம்பேனியின் சித்தப்பா ஆட்டோடு வந்திருந்தார். என் பக்கத்து ஆட்களும் வாழைத்தோப்பில் நின்றிருந்தார்கள். ஓம்பேனி முட்டி போட்டு இலையை நீட்டினான்.

நான் வாங்கிக்கொண்டேன்.

"கனுத்தி, இலை உன் கைக்கு வந்தாச்சு" என்றார் அவன் சித்தப்பா. "இனி பேச்சில்ல."

"பேச்சில்ல" என்றேன்.

ஆட்டை அறுத்தார்கள். அவன் பங்கும் என் பங்கும் ஒரே வாழை இலையில் வைக்கப்பட்டன. இருவரும் சாப்பிட்டோம். அந்தத் தண்டை மறுநாள் எலின்சியாவின் கல்லறைத் தலைமாட்டில் நட்டேன். எங்கள் கல்லறைகளைச் சுற்றி, தோட்ட எல்லைகளில், எல்லா இடத்திலும் இருப்பது அந்தச் செடிதான். ஒடித்துக் குத்திவிட்டு மறந்துவிட்டாலே பிடித்துக்கொள்ளும்.

ஆக, நான் அவனை மன்னித்துவிட்டேன். இதை நீங்கள் எங்கள் ஊரில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம். அவன்மேல் மனதில் கோபம் ஏதும் இருந்ததா, நிஜமாகவே மன்னித்தாயா என்று நேற்று கேட்டீர்கள். கோபம் இருந்திருந்தால், நான் சமையல்காரன். இவ்வளவு தூரம் மலையேற வேண்டியதில்லை.

அவன் பைக்கை விற்றுவிட்டான். குடியை விட்டுவிட்டான். ரஹேலி அவனுக்குத் தோட்டத்திலிருந்து வாழைத்தார் கொடுத்து அனுப்புவாள். அவள் மன்னித்ததும் உண்மைதான். ஆனால் அவளுக்கு அது எப்படி முடிந்தது என்று எனக்குத் தெரியாது, நான் கேட்டதில்லை. அவள்தான் ஒருநாள், "மலையில ஏதாவது வேலைக்குச் சேத்துவிடுங்களேன், அவன் அம்மா வந்து அழுறாங்க" என்றாள். நான் அமினியேலிடம் சொன்னேன். அவர் கேட்டார்:

"உனக்கு ஒண்ணும் இல்லையே கனுத்தி?"

"இலை வாங்கியாச்சு" என்றேன்.

"பெரிய மனசுடா உனக்கு" என்றார்.

ஓம்பேனி முட்டைகளைச் சுமக்கிறேன் என்று தானே கேட்டு வாங்கிக்கொண்டான். முட்டைத் தட்டுகளைத் தலையில் வைத்துக்கொண்டு மழைக்காட்டுச் சேற்றில் நடப்பது யாருக்கும் பிடிக்காது. அவன் கண்ணை எடுக்காமல் ஒவ்வொரு அடியாக வைத்து நடந்தான். மற்றவர்கள் கிண்டல் செய்தார்கள்.

"ஏய் ஓம்பேனி, அடைகாத்துக் குஞ்சு பொரிச்சிடாத! நாளைக்கு ஆம்லெட் வேணும்!"

"புதுப் பொண்டாட்டிய தூக்கிட்டுப் போற மாதிரி போறான் பாரு."

அவன் சிரிக்கக்கூட இல்லை. சிரித்தால் தலை ஆடும். ஷிரா முகாமில் தட்டுகளைப் பிரித்தபோது ஒரு முட்டைகூட உடைந்திருக்கவில்லை. "அண்ணே, எண்ணிப் பாருங்க" என்றான் என்னிடம். அவன் கவனமான ஆளாக மாறியிருந்தான். அதை நான் மறுக்கவில்லை.

ஷிராவில் தட்டுகள் காலியாகத் திரும்பின. அமினியேல் கேட்டார், எல்லாரும் சாப்பிட்டாச்சு என்றேன். மறுநாள் எரிமலைப் பாறைகள் இருக்கும் உயரத்துக்கு ஏறி, மறுபடி பரான்கோ பள்ளத்தாக்குக்கு இறங்கினோம். அங்கும் தட்டுகள் காலி. அடுத்த முகாமான கரங்காவிலும் காலி. ஓம்பேனியின் தட்டும் காலியாகத்தான் இருந்தது. நான் எங்கேயும் அமினியேலிடம் பொய்யான தட்டைக் காட்டவில்லை.

கரங்காவுக்கு மேலே, சிகரத்துக்கு முந்தைய கடைசி முகாமான பராஃபுவில் தண்ணீர் கிடையாது. வெறும் பாறையும் காற்றும்தான். முகாம் போட்ட பிறகு, ஆட்கள் திரும்பக் கரங்கா ஓடைக்கு இறங்கித் தண்ணீர் சுமந்து வர வேண்டும். யார் போவது என்று சொல்வது சமையல்காரன் வேலை. அன்று மதியம் நான் தெமுவையும் ஓம்பேனியையும் அனுப்பினேன். ஓம்பேனி ஒரு கல்லின்மேல் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பெயரைச் சொன்னதும் எழுந்து வாளியை எடுத்துக்கொண்டான். மறுக்கும் பழக்கம் அவனுக்கு அப்போது இல்லை, அதுவும் என்னிடம்.

வெயில் சாயும் நேரத்தில் திரும்பினார்கள். தெமு முன்னால் வந்தான். பின்னால் ஓம்பேனி கால்களை அகட்டி வைத்து, ஒரு அடி இந்தப் பக்கமும் ஒரு அடி அந்தப் பக்கமுமாக வந்தான். வாளியில் பாதித் தண்ணீர் அவன் தோளில் இருந்தது. கூடாரக் கயிறு தடுக்கி உட்கார்ந்துவிட்டான்.

தெமுதான் ஆரம்பித்தான். "அடேய், ஓடையில தண்ணி மொண்டியா, கள்ளு மொண்டியா?"

எல்லாரும் சிரித்தார்கள். இன்னொருவன், "வாசல்ல அத்தன சோதனை போட்டாங்க, எங்கடா ஒளிச்சுவச்ச? முட்டைக்குள்ளயா?" என்றான்.

ஓம்பேனி பதில் சொல்லப் பார்த்தான். நாக்கு குழறியது. அது இன்னும் வேடிக்கையாக இருந்தது. அவன் பழைய கதை எல்லாருக்கும் தெரியும். குடித்து ஒரு குழந்தையைப் போட்டவன், குடித்திருக்கிறான். வேறு எதையும் யோசிக்க யாருக்கும் தோன்றவில்லை. மலையில் அப்படி நடப்பவன் தலைக்குள் என்ன நடக்கிறது என்று அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும்; ஒரு வெள்ளைக்காரர் அப்படி நடந்திருந்தால் அந்த நிமிடமே தூக்கிக்கொண்டு ஓடியிருப்பார்கள்.

சத்தம் கேட்டு அமினியேல் வந்தார். மலையில் குடிப்பதை அவர் பொறுக்கமாட்டார். ஓம்பேனியின் முகவாயைத் தூக்கிப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார். அவருக்குச் சளி பிடித்திருந்தது. அவர் முகத்தில் ஒரு சந்தேகம் வந்தது. அதை நான் பார்த்தேன். என் பக்கம் திரும்பினார்.

"சமையக்காரரே, இவன் சாப்பிடுறானா?"

"நல்லா சாப்பிடுறான்" என்றேன்.

"இன்னைக்கு?"

"எல்லாரும் சாப்பிட்டாச்சு."

அவர் முகம் தெளிந்தது. "அப்ப குடிதான்" என்றார். "கீழ போய் பேசிக்கிறேன் இவன்கிட்ட. தூங்கித் தொலைக்கட்டும்." பிறகு வெள்ளைக்காரர்களைச் சிகரத்துக்குத் தயார் செய்யப் போய்விட்டார். அவருக்கு அன்று நிறைய வேலை. அவர் கேட்டார், நான் சொன்னேன். அவர் தப்பு இதில் எங்கே இருக்கிறது?

இப்போது அந்தத் தட்டைப் பற்றிச் சொல்கிறேன்.

ஷிராவிலேயே ஓம்பேனிக்குச் சாப்பாடு பாதிக்குமேல் இறங்கவில்லை. மற்றவர்கள் எழுந்துபோகும்வரை இருந்து, தட்டை என்னிடம் கொண்டுவந்தான். "அண்ணே, கோவிச்சுக்காதீங்க, ருசியாத்தான் இருக்கு" என்றான். தட்டில் மிச்சத்தோடு திரும்பக் கொடுப்பது என்னை அவமதிப்பதாகும் என்று பயந்தான். நான் வாங்கிக்கொண்டேன். பரான்கோவில் ஒரு வாய்கூட இல்லை.

"தலை பிளக்குது அண்ணே. அமினியேல் அண்ணன்கிட்ட சொல்லட்டுமா?"

"முதல் தடவை எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும்" என்றேன். "சொன்னா கீழ அனுப்பிடுவார். அப்புறம் உன்னை யாரு கூப்பிடுவா? உங்கம்மா மறுபடி எங்க வீட்டுல வந்து அழணுமா?"

"நீங்க சொன்னா சரி அண்ணே" என்றான். என்னை அவ்வளவு நம்பினான். நான் இலை வாங்கியவன் அல்லவா?

அவன் போனதும் அந்தத் தட்டை நான் சாப்பிட்டேன். களி, கீரை, காய்ந்த மீன் எல்லாவற்றையும். தட்டை விரலால் வழித்தேன். ஏன் கொட்டவில்லை என்றால், கொட்டினால் காக்கை வரும், யாராவது பார்ப்பார்கள். மேலும் எனக்குச் சோற்றை வீணாக்கிப் பழக்கமில்லை. கரங்காவிலும் அப்படித்தான். ரஹேலி அவனுக்கென்று தனியாக மடித்துக் கொடுத்திருந்த வாழைக்காய் வறுவலையும் நான்தான் தின்றேன். எனக்கு உயரத்தில் பசி எடுக்கும். அதனால்தான் இத்தனை காலம் மலையில் சமைக்க முடிகிறது.

பராஃபுவில் போன் நன்றாக எடுக்கும். அன்று சாயங்காலம் ரஹேலி கூப்பிட்டாள்.

"குளிரு எப்படிங்க? ஓம்பேனி எப்படி இருக்கான்? வாழைக்காய் சாப்பிட்டானா?"

"சாப்பிட்டான். தூங்குறான். ஒண்ணுமில்ல."

போனை வைத்த பிறகுதான் அந்த வார்த்தைகளை முன்பே எங்கோ கேட்டதுபோல் இருந்தது. யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க நேரமில்லை. சூப்புக்கு லீக்ஸ் வெங்காயத்தண்டு நறுக்க வேண்டியிருந்தது. சாப்பாட்டுக் கூடாரத்தில், பாப்கார்ன் டப்பாவுக்குப் பக்கத்தில், பிராணவாயு உருளை ஒன்று இருந்தது. அது மலையேற வந்தவர்களுக்கு. ஆனால் ஆபத்தென்றால் யாருக்கும் கொடுக்கலாம் என்பது அமினியேலின் சட்டம். எனக்கு அது தெரியும். தெரியாது என்று சொல்லமாட்டேன்.

அன்றிரவு அமினியேலும் வெள்ளைக்காரர்களும் சிகரத்துக்குக் கிளம்பிப் போன பிறகு, நான் ஓம்பேனியோடுதான் இருந்தேன். மற்றவர்கள் நடந்த களைப்பில் தூங்கினார்கள். ஓம்பேனி வாந்தி எடுத்தான். வயிற்றில் எதுவும் இல்லாததால் தண்ணீர்தான் வந்தது. வாயைத் துடைத்துவிட்டேன். அவன் தலைக்கு என் கோட்டை மடித்து வைத்தேன். ஒருமுறை தெளிவாகக் கண் திறந்தான்.

"அண்ணே, நீங்க என்னை மன்னிச்சிட்டீங்கல்ல?"

"இலை வாங்கினேன்ல."

"ஆமா" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "முட்டை?" என்றான்.

"ஒண்ணும் உடையல. தூங்கு."

அவனைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கியிருந்தால், கீழ் முகாமை எட்டுவதற்குள்ளேயே அவன் மூச்சு சரியாகியிருக்கும். நான் அப்படிப் பல பேரை இறக்கியிருக்கிறேன். கால்கள் எனக்கு இன்னும் உறுதிதான். நான் உட்கார்ந்து, காலைக்கு வேண்டிய பாத்திரங்களைத் துடைத்துவைத்தேன். பெரிய அண்டாவின் அடியில் கஞ்சி பிடித்திருந்தது. அதைத் தேய்த்தேன். கூடாரத் துணியில் வெயில் விழுந்தபோது அவன் மூச்சு நின்றிருந்தது. நான் அவனுடைய ஒரு கால் செருப்பைக் கழற்றினேன். ஏன் என்று தெரியவில்லை. பிறகு அதை மாட்டிவிட்டேன்.

இதுதான் நடந்தது. அவனைக் கொன்றது நான். அமினியேல் அல்ல, மலையும் அல்ல. எழுதிக்கொள்ளுங்கள். கூடவே, கூட்டத்தில் யாரும் பட்டினி கிடக்கவில்லை என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். அன்று ஓம்பேனியின் பங்கு வீணாகவில்லை.

அவனை அடக்கம் செய்த பிறகு நான் இசாலே ஒடித்துக்கொண்டு அவன் அம்மாவிடம் போனேன். அந்த அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை.

"உனக்கெதுக்குப்பா இலை? நீ என்ன செஞ்ச?"

"என் அடுப்புல சாப்பிட்ட பிள்ளை" என்றேன்.

அந்த அம்மா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு அழுதாள். பிறகு என்னை உட்காரவைத்துச் சோறு போட்டாள். சாப்பிடாமல் எழுந்தால் மனம் கோணுவாள் என்று சாப்பிட்டேன். தட்டில் எதையும் மிச்சம் வைக்கவில்லை. ஆகவே அந்தப் பக்கமும் முடிந்துவிட்டது. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இப்போது பகை என்று எதுவும் இல்லை.

நேற்று நீங்கள் கேட்டதையே ரஹேலியும் ஒருமுறை கேட்டாள், நிஜமாகவே மன்னித்துவிட்டேனா என்று. நான் அவளைக் கல்லறைக்குக் கூட்டிப்போய், அவன் கொடுத்த தண்டை நட்ட இடத்தைக் காட்டினேன். மனதில் எதையாவது வைத்திருந்தால் நான் அதைப் பிள்ளையின் தலைமாட்டில் நட்டிருப்பேனா? பக்கத்துக் கல்லறைகளில் நட்டதெல்லாம் இடுப்பளவு வளர்ந்துவிட்டன. இது மட்டும் ஏனோ பிடிக்கவே இல்லை. நான் கவனிக்காமல் விட்டதில்லை. மலையிலிருந்து இறங்கும் ஒவ்வொரு முறையும் முதல் வேலையாக அங்கே போய், அதைப் பிடுங்கி, வேர் விட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மறுபடி நட்டுவிட்டுத்தான் வீட்டுக்குள் போவேன்.